பேக்கிங் அறையின் இருமல்

பகல் பன்னிரண்டு இருபதுக்கு அந்த ஆர்டரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பேக்கிங் பிரிவில் மூச்சுத் திறன் குறைந்த இருபத்தைந்து பேரும் இன்று இரண்டு மணி ஷிப்டிலிருந்து அரவைப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள். அரவையில் இருப்பவர்களில் அதே எண்ணிக்கையில் ஆட்கள் கீழே இறங்கி வருவார்கள். ஆதாரம், சுகாதார ஆய்வு அறிக்கை. கீழே மேனேஜரின் கையெழுத்து, அதற்கும் கீழே என்னுடையது.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. பத்து வருடமாக நான் எழுதிய அறிக்கைகள் எல்லாம் அலமாரியில் தூங்குகின்றன. முதல் தடவையாக ஒன்று எழுந்து நடந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது வாஷ்பேசின் செய்கிற தொழிற்சாலை. மாடியில் அரவை அறை. அங்கே கல்லை மாவாக அரைப்பார்கள். அந்த மாவு பல அறைகளைத் தாண்டி, பேசினாகி, சூளையில் வெந்து, கடைசியில் கீழே பேக்கிங்குக்கு வரும். அங்கே அட்டைப்பெட்டி, பசை, ஸ்டிக்கர். எங்கள் அலுவலகம் தொழிலாளர் உடல்நலத்தைக் கணக்கெடுக்கிற அலுவலகம். மூன்று வாரம் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு குழாயில் ஊத வைத்தேன், இருமல் உண்டா என்று கேட்டேன். அரவையில் இருபத்தாறு பேரில் மூன்று பேருக்குத்தான் மூச்சு குறைவு. பேக்கிங்கில் முப்பத்தெட்டு பேரில் இருபத்தைந்து பேருக்கு. ஐந்து மடங்குக்கு மேல்!

கல் அரைக்கிற இடத்தில் இருமல் இல்லை, பெட்டி ஒட்டுகிற இடத்தில் இருமலா, உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத முடிவு கிடைத்தால் எங்கள் தொழிலில் ஒரு குஷி பிறக்கும். சந்தேகம் அந்தக் குஷியின் காலடியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். மாடியில் இரண்டு வருடத்துக்கு முன் தூசி உறிஞ்சும் விசிறி போட்டிருந்தார்கள், அதனால் அங்கே காற்று நல்ல காற்று என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கீழே பசை நாற்றமும் அட்டைத் தூளும், அதனால் இருமல் என்று இன்னொரு காரணம். காரணமா கிடைக்காது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்தைந்து பேரில் ஒருவர் என் அத்தான், என் அக்காவின் கணவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேக்கிங்கில்தான் இருக்கிறார். மாடிக்குப் போனால் அவருக்கும் நல்லதுதான் என்று மனதுக்குள் அக்காவுக்கு ஒரு உபகாரம் செய்த திருப்தி வேறு.

ஊதும் சோதனையின் முடிவுச் சீட்டுகளை அவரவரிடம் கொடுக்க பேக்கிங் அறைக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் சாப்பிடவில்லை. அத்தான் மூலையில் இருந்தார். வழக்கமாக என்னைப் பார்த்ததும் "வாம்மா கணக்குப்புள்ள" என்று கிண்டலடிப்பவர், இன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டிக்கர் ஒட்டுகிற அக்கா ஒருத்தி உண்டு. எல்லாரும் அவளை ஸ்டிக்கர் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அவள்தான் எழுந்து வந்தாள்.

"மேடம், உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்? எங்களை எதுக்குத் திரும்பவும் மேல அனுப்புறீங்க?"

"திரும்பவுமா?"

"நான் ஏழு வருஷம் அரவையில இருந்தவ. இருமல் புடிச்சுக்கிச்சு, ரெண்டு மாசம் பாத்தாரு ஃபோர்மேன், அப்புறம் கீழ இறக்கி விட்டாரு. இங்க முக்காவாசிப் பேரு அப்படி வந்தவங்கதான். இந்த ரூமுக்குப் பேரே பென்ஷன் ரூம்."

"ஃபார்ம்ல நீங்க அதை எழுதலையே?"

"எந்தப் பிரிவுன்னு கேட்டீங்க, பேக்கிங்னு எழுதினேன். அதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தேன். 'இதற்கு முன் எந்தப் பிரிவு, எத்தனை வருடம்?' அதைச் சேர்த்தால் படிவம் இரண்டாவது பக்கத்துக்குப் போனது. ஆட்களை அதிக நேரம் நிறுத்தி வைக்காதீர்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஒரே பக்கத்தில் அடங்கினால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று எனக்கும் பட்டது. என் கையாலேயே அந்தக் கட்டத்தை வெட்டினேன்.

ஆக, பேக்கிங் அறை யாரையும் இருமவைக்கவில்லை. இருமியவர்கள் பேக்கிங்குக்கு வந்திருக்கிறார்கள். மாடியில் எஞ்சியிருப்பவர்கள் இன்னும் இருமத் தொடங்காதவர்கள். அதைப் பார்த்துவிட்டு, மாடிதான் ஆரோக்கியமான இடம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதி நுரையீரலோடு தப்பி வந்த இருபத்தைந்து பேரை, மிச்சப் பாதியையும் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பப்போகிறேன்.

மாடிப்படி அடியில் ஃபோர்மேனைப் பிடித்தேன். அறுபதை நெருங்கியவர், புருவத்தில்கூட வெள்ளைத் தூள்.

"இருமுறவங்களைக் கீழ அனுப்புறது நீங்கதானா?"

"ஆமாம்மா. பழைய மேனேஜருக்குத் தெரிஞ்சா உடம்பு சரியில்லாதவன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அதனால எதுலயும் எழுதமாட்டேன். கூப்பிட்டுச் சொல்லி இறக்கி விட்டுடுவேன். பதினஞ்சு வருஷமா இப்படித்தான் ஓடுது."

"இன்னிக்கு ஆர்டரைப் பாத்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க படிச்சவங்க. மெஷினை வெச்சு ஊத வெச்சீங்க, படம் போட்டுக் காமிச்சீங்க. ஒருவேளை நாமதான் இத்தனை நாளா தப்பா நெனச்சிட்டோமோன்னு இருந்துட்டேன்."

என்மேல் எனக்கு வந்த கோபத்தில் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அது இன்னும் சுட்டது.

மேனேஜர் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் என் அறிக்கையை அலமாரியில் போட்டிருப்பார், யாருக்கும் ஒரு சேதமும் வந்திருக்காது. மூச்சிரைக்க நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், மூணு வாரம் முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து நீங்க என்ன சொன்னீங்க? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க சார், அதை நம்பாதீங்க, நம்பரைப் பாருங்கன்னு சொன்னீங்க. இப்ப ஒரு அம்மா சொன்னாங்க, ஒரு ஃபோர்மேன் சொன்னாருன்னு வந்து நிக்கிறீங்க."

"ஆர்டரை ஒரு நாள் தள்ளிப் போடுங்க சார்."

"கெட்ட காத்துல அவங்க இன்னும் ஒரு நாள் உக்காந்திருக்கணுமா? நீங்க எழுதினதுதானே இது? வேற நம்பர் இருந்தா ரெண்டு மணிக்குள்ள கொண்டாங்க. நிறுத்திடறேன்."

கடிகாரத்தில் மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிடம்.

வருகைப் பதிவேட்டில் பிரயோஜனம் இல்லை. ஃபோர்மேன்தான் எதிலும் எழுதுவதில்லையே. அரவையில் மட்டும் இருக்கிற ஒன்று, மற்ற இடத்தில் இல்லாத ஒன்று என்ன என்று யோசித்துக்கொண்டே முற்றத்தைக் கடந்தேன். எதிரே அரவை ஆள் ஒருவர் துணி மாஸ்க்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனார். அப்படியே திரும்பி ஸ்டோருக்கு ஓடினேன்.

"மாஸ்க் யாருக்குக் குடுப்பீங்க?"

"அரவைக்கு மட்டும்தான்," என்றார் ஸ்டோர்காரர். "வாரத்துக்கு ஒண்ணு. டோக்கன் நம்பரை எழுதிட்டுத்தான் குடுப்போம்."

"பழைய நோட்டெல்லாம்?"

"கிடக்குது. ரெண்டு வருஷம் கரையான் தின்னது போக மிச்சம் பதிமூணு வருஷம் இருக்கு."

தரையிலேயே உட்கார்ந்தோம். பேக்கிங்கில் இருக்கிற முப்பத்தெட்டு பேருக்கும் தொழிற்சாலை கொடுத்த டோக்கன் எண்களை நான் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். அவர் நோட்டைப் புரட்டிப் புரட்டி வாசித்தார், நான் குறித்தேன். முப்பத்தொன்று, உண்டு. நாற்பத்தாறு, உண்டு. எண்பத்தேழு, ஸ்டிக்கர் அக்கா, உண்டு, ஏழு வருடம். விரலெல்லாம் தூசி. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நூத்திப்பதினாலு," என்றார் ஸ்டோர்காரர். "இது நெறைய இருக்கும்மா. ஒன்பது வருஷம். ரெண்டு வருஷம் முன்னாடியோட நின்னுடுச்சு."

நூற்றுப்பதினாலு அத்தானின் எண்.

என் அப்பா கல் குவாரியில் வேலை செய்தவர். அக்காவுக்கு வரன் பார்த்தபோதே அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. தூசியில் வேலை செய்கிறவனைக் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். நான் பேக்கிங்கில் இருக்கிறேன் என்றார் அத்தான். கல்யாணம் ஆகிப் பதினொரு வருடம். தினமும் தொழிற்சாலையிலேயே குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வருவார். எங்க வீட்டுக்காரர் ஆபீசர் மாதிரி வர்றார் பார் என்று அக்கா பெருமையடிப்பாள். பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போகிறவன் எதற்காக அங்கேயே குளித்துவிட்டு வருகிறான் என்று கணக்கெடுப்பையே தொழிலாகக் கொண்ட நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒன்று நாற்பதுக்கு மேனேஜர் மேசையில் தாளை வைத்தேன். முப்பத்தெட்டு பேரில் இருபத்தொன்பது பேர் முன்பு அரவையில் இருந்தவர்கள். அவர்களில் இருபத்து நாலு பேருக்கு மூச்சுக் குறைவு. அரவைக்கே போகாத ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான்.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு தாளிலிருந்து நிமிர்ந்து கேட்டார்.

"ஒருத்தர் வேலையை விட்டுப் போனா அவர் டோக்கனைப் புதுசா வர்றவருக்குக் குடுத்துடுவோம். தெரியுமா? இந்த நோட்டுல இருக்கிற எண்பத்தேழு இன்னிக்கு இருக்கிற எண்பத்தேழுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

தெரியாது. ஒரே நாளில் அதே தவற்றை இரண்டாவது முறை செய்யப் போயிருக்கிறேன். எண்ணைப் பார்த்தேன், எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆளைக் கேட்கவில்லை.

"கேட்டுடலாம் சார். இப்பவே. ஒவ்வொருத்தரையும்."

அவர் எழுந்தார். அதற்காக அந்த மனிதரை நான் கடைசிவரை மதிப்பேன்.

பேக்கிங் அறையில் இரண்டு மணிக்கு மாடி ஏற வேண்டியவர்கள் கதவோரம் வந்து நின்றிருந்தார்கள். வழியில் கூட்டிவந்த ஃபோர்மேனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மேனேஜர் விஷயத்தைச் சொன்னார்.

"மேல இருந்தேன்னு சொன்னா, உடம்பு கெட்டவன்னு வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டாள் ஸ்டிக்கர் அக்கா.

"மாட்டேன்," என்றார் மேனேஜர்.

"எழுதிக் குடுங்க."

அவர் ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெட்டியை அவள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எண்பத்தேழு, நான்தான். ஏழு வருஷம்."

அதன் பிறகு மளமளவென்று வந்தது. முப்பத்தொன்று, நான், ஐந்து வருடம். நாற்பத்தாறு, நான், பன்னிரண்டு வருடம். ஒவ்வொன்றுக்கும் ஃபோர்மேன் தலையாட்டினார். நான் எழுதிக்கொண்டே போனேன். மணி ஒன்று ஐம்பது.

"நூத்திப்பதினாலு," என்று கூப்பிட்டேன்.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "அது நான் இல்லீங்க. எனக்கு முன்னாடி யாராவது இருந்திருப்பாங்க. நான் எப்பவும் பேக்கிங்தான்."

நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். ஒருவர் தானாகச் சொல்லாததைத் தான் சொல்லக்கூடாது என்று பதினைந்து வருடமாகப் பழகிய வாய் அது.

மேனேஜர் என் தாளை வாங்கி இருபத்தொன்பதை இருபத்தெட்டு என்று திருத்தினார். "அப்ப இருபத்தெட்டு. சரி, இவங்க யாரும் மேல போகவேண்டாம். ஆர்டர்லேர்ந்து எடுத்துடறேன்." அறையில் பெருமூச்சு கிளம்பியது. ஆனால் அவர் விரல் தாளிலேயே இருந்தது. "மேல போகாமலே மூச்சுக் குறைஞ்சவங்க ரெண்டு பேர் இருக்காங்களே?"

ஒருத்தி முன்னால் வந்தாள். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வீசிங் சார். எங்கம்மாவுக்கும் உண்டு."

"அப்ப இவர் ஒருத்தர்தான்." மேனேஜர் அத்தானின் முடிவுச் சீட்டை எடுத்தார். "பரம்பரையா வந்ததும் இல்ல, அரவைக்கும் போகலை. இருந்தும் பாதி மூச்சுதான் இருக்கு. இவருக்கு இந்தப் பசைதான் ஒத்துக்கலை. இவரை இங்க வெச்சிருக்கிறது தப்பு. இவர் மட்டும் இன்னிக்கு மேல போகட்டும்."

"சார், ஒரே ஒரு ஆளை வெச்சு அப்படி முடிவெடுக்க முடியாது."

"ஒரு ஆளா இருந்தாலும் ஆள்தானே மேடம்?"

அவர் கையில் இருந்த தாளின்படி அவர் சொன்னது சரி. தாளில்தான் ஒரு வரி பொய்.

"போறேங்க," என்றார் அத்தான். மாடிக்குப் போகிறவர்களுக்காகக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருந்த மாஸ்க் ஒன்றை எடுத்து, பார்க்காமலே பின்னால் முடிச்சுப் போட்டார். ஒன்பது வருடம் போட்ட முடிச்சு. அதை அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தான் வாசலை நோக்கி நடந்தார்.

நான் ஓடிப்போய்க் கதவை மறித்தேன். அலுவலகம், கையெழுத்து, மேடம் என்ற மரியாதை எல்லாம் எங்கேயோ போயிற்று.

"அத்தான், நில்லுங்க! அக்காவுக்குப் பயந்துக்கிட்டு உயிரை விடப்போறீங்களா?"

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உறவு என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அதுவும் என் தப்புதான்.

"வழி விடும்மா," என்றார் அத்தான் மெதுவாக. "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே."

"அப்பா எப்படிப் போனாருன்னு உங்களுக்குத் தெரியாதா? கடைசி மூணு மாசம் அவரை பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? நானா? அக்காவா? நீங்கதானே தூக்கினீங்க! வேலை முடிஞ்சு வந்து, அந்த வெள்ளைச் சட்டையோட! அப்பவும் நீங்க மேலதான் இருந்தீங்களா? சொல்லுங்க அத்தான், நான் எழுதறதுக்காகக் கேக்கலை."

ஷிப்டு சங்கு ஊதியது. அது அடங்கியதும் அத்தான் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டார்.

"நூத்திப்பதினாலு நான்தாங்க," என்றார் மேனேஜரிடம். "ஒன்பது வருஷம். பேக்கிங்குக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாமாவைத் தூக்கும்போது அவர் நெஞ்சு என் தோள்மேல இருக்கும். உள்ள கரகரன்னு ஒரு சத்தம் வரும். ராத்திரி படுத்தா எனக்குள்ளயும் அதே சத்தம் கேக்கும். உங்கக்கா தூங்கினப்புறம் எழுந்து உக்காந்துக்குவேன். அவகிட்ட எப்படிச் சொல்றது?"

மேனேஜர் நாற்காலி இல்லாமல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையில் இருந்த ஆர்டரின் பிரதியை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஃபோர்மேனைக் கூப்பிட்டு, "மேல மெஷினை நிறுத்துங்க. இருபத்தாறு பேரையும் இறங்கி வரச் சொல்லுங்க. அந்த விசிறி என்ன லட்சணத்துல இருக்குன்னு நான் பாக்கணும்," என்றார். ஃபோர்மேன் படியேறி ஓடினார். சற்று நேரத்தில் தலைக்குமேல் இருந்த அதிர்வு நின்றது.

மேனேஜர் தாளை என்னிடம் நீட்டினார். "திருத்திக் குடுங்க மேடம். கீழே கையெழுத்தும் போடுங்க."

இருபத்தெட்டை அடித்துவிட்டு அருகில் இருபத்தொன்பது என்று எழுதினேன். இடம் போதாமல் நெருக்கி எழுதியதில் எண் சரியாக விழவில்லை. இது என்ன எண் என்று மேனேஜர் இரண்டு முறை கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அத்தான்தான் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "இருபத்தொன்பதுங்க," என்று சொன்னார்.